வேர்க்கணுவும் வேர்முடிச்சும்

தமிழாசிரியன் ஒருவன் புழுக்களைப்பற்றிக் கட்டுரை வரையப் புகுவது அன்பர் சிலருக்கு வியப்பை அளித்தல் கூடும். மலர்க்குழுவினர் என்னிடம் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரை ஒன்றையே. அத்துறையில் என்னினும் வல்லார் பலர் இம்மலரில் எழுதுவர். அவற்றை யானும் வாசித்து மகிழ்வேன். இக்கட்டுரையின் பொருள் யான் விரும்பித் தேர்ந்ததன்று. வகுப்பறையில் யான் செய்த பிழையொன்று என்னை இதன்பால் இழுத்துச் சென்றது. பிழை செய்தவனே அதனை எழுதிவைத்தல் முறை. ஏனெனில் அதனால் விளைந்த கேடு என்னோடு நிற்கவில்லை. நாற்பது பிள்ளைகளின் வீடுகளுக்கும் சென்றது.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதும், அதனை அடுத்து வந்த 2022ஆம் ஆண்டில் அரிசியும் மரக்கறியும் ஏழைகளின் கைக்கு எட்டாத விலைக்கு ஏறியதும் எல்லோரும் அறிந்தவை. வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று எங்கும் அறிவுறுத்தினார்கள். யான் அக்காலத்திற் கற்பித்த பாடசாலையின் பின்புறத்தில், புறக்கோட்டைக் கடைத்தெருவின் இரைச்சல் கேட்கும் தொலைவில், ஒரு சிறு நிலத்துண்டு கிடந்தது. கட்டடக் கற்களை அகற்றி, லொறியில் மண் வருவித்துக் கொட்டி, ஆறு பாத்திகள் அமைத்தோம். அம்மண் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்ற எண்ணமே எழவில்லை. மண் மண்தானே என்றிருந்தோம்.

முதலிற் கத்தரியும் வெண்டியும் நட்டோம். விளைச்சல் குறைவு. "மண்ணுக்குச் சத்துப் போதாது, அவரையினப் பயிர் இட்டால் மண் வளம் பெறும்" என்று கூறிக் கௌபியும் பயற்றையும் விதைப்பித்தேன். விதைக்கௌபியை நாலாங் குறுக்குத் தெருவில் ஒரு தானியக் கடையில் யானே வாங்கினேன். இரண்டு மாதங்களுக்குப் பின் செடிகளைப் பிடுங்கிப் பார்த்தபோது வேரெல்லாம் கணுக்கணுவாய் வீங்கியிருந்தன. எனக்கோ பேருவகை! பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி, "பாருங்கள், இவையே வேர்க்கணுக்கள். இவற்றுள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகின்றன. எத்துணைக் கணுவோ அத்துணை வளம்" என்று உரையாற்றினேன். அவ்வேர்களை வீசவிடாமல் வெட்டி மண்ணோடு கலக்கச் செய்தேன். பின்னர் அம்மண்ணை நாற்பது பைகளில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு தக்காளிக் கன்றை நட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினேன். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் வத்தளைக்கும் அப்பைகள் சென்றன.

ஆறாம் வாரத்தில் எங்கள் பாத்திகளிலிருந்த தக்காளிக் கன்றுகள் நண்பகலில் வாடி மாலையில் நிமிர்ந்தன. சில நாட்களில் மாலையிலும் நிமிரவில்லை. நீரூற்றினோம், எருவிட்டோம், இலை மஞ்சளாயிற்று. விவசாயத் திணைக்களத்திற் பணியாற்றி ஓய்வுபெற்ற பழைய மாணவர் ஒருவர் வேறு அலுவலாக வந்தவர், பாத்தியைக் கண்டு நின்றார். ஒரு கன்றைப் பிடுங்கி வேரை நீரில் அலசினார். தக்காளி வேர் முழுவதும் கணுக்கணுவாய் இருந்தது. "ஐயா, தக்காளி அவரையினமா?" என்று மட்டும் கேட்டார். யான் தலைகுனிந்தேன். தக்காளிக்கு நைதரசன் கணு இல்லை என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

அன்று அவர் கற்பித்த பாடத்தை அவர் கற்பித்த வண்ணமே இங்குத் தருகின்றேன்.

அவரையினச் செடியின் வேரில் இருவகை வீக்கங்கள் தோன்றும். ஒன்று நன்மை செய்வது. மற்றையது கேடு செய்வது. நன்மைக் கணு றைசோபியம் என்னும் பற்றீரியாவால் உண்டாவது. அது வேரின் பக்கத்தில் ஒரு மணிபோல் ஒட்டியிருக்கும். நகத்தாற் சுரண்டினால் வேருக்குச் சேதமின்றி உதிர்ந்துவிடும். அதனை இரண்டாக நறுக்கினால், நன்றாகத் தொழிற்படும் கணுவாயின் உட்புறம் இளஞ்சிவப்பாய் இருக்கும். நமது குருதிக்குச் செந்நிறம் அளிக்கும் பொருளை ஒத்த ஒரு புரதம் அங்கு இருப்பதே காரணம். தீமை முடிச்சோ வேரின்மேல் ஒட்டியதன்று, வேரே வீங்கியது. கழற்ற முற்பட்டால் வேர் அறுந்துவிடும். நறுக்கினால் உள்ளே வெண்மையாய் இருக்கும். கூர்ந்து நோக்கினால் ஊசிமுனையளவில் முத்துப்போன்ற ஓர் உருவைக் காணலாம். அதுவே பெண்புழு. ஒரே வேரில் கணுவும் முடிச்சும் கலந்திருப்பதும் உண்டு. சில வேளைகளிற் புழு நன்மைக் கணுவுக்குள்ளேயே குடிபுகுந்து, நைதரசன் கிடைப்பதையும் குறைத்துவிடும். ஆதலின் வேரைக் கண்டவுடன் மகிழ்வது தவறு. நகத்தாற் சுரண்டிப் பார்த்த பின்னரே மகிழவேண்டும்.

என் பிழைக்கு ஒரு சிறு ஆறுதலும் கிடைத்தது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டு அறிஞர் மல்பீகி அவரையினச் செடிகளின் நன்மைக் கணுக்களை வரைந்து, அவை நோயால் வந்த வீக்கங்கள் என்று கருதினாராம். அவை நைதரசனைச் சேர்க்கும் உறுப்புகள் என்பது செருமனி நாட்டில் எல்றீகலும் வில்பார்த்தும் 1886 முதல் 1888 வரை வெளியிட்ட ஆய்வுகளாலேயே ஐயமற நிறுவப்பட்டது. மல்பீகி நன்மையைத் தீமை என்றார். யான் தீமையை நன்மை என்றேன். அவர் பிழையால் எவர் தோட்டமும் கெடவில்லை என்பதே வேறுபாடு.

இனிப் புழுவைப்பற்றிச் சிறிது கூறுவாம். நமது விவசாய நூல்கள் இதனை வட்டப்புழு என்றும் நெமற்றோடு என்றும் கூறும்; தமிழகத்தார் நூற்புழு என்பர். நூலிழைபோன்ற உருவுடைமையால் நூற்புழு என்னும் பெயரே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. மண்புழுவை எண்ணிக்கொண்டு இதனைத் தேடினால் காணமுடியாது. வேர்முடிச்சுப் புழுவின் குஞ்சு நீளத்தில் ஏறத்தாழ அரை மில்லிமீற்றருக்கும் குறைந்தது. மண்துகள்களுக்கிடையேயுள்ள நீர்ப்படலத்தில் நீந்திச் சென்று, வேர்நுனியை அடுத்து உள்ளே நுழையும். வாயிலுள்ள ஈட்டிபோன்ற ஊசியால் வேர்க்கலங்களைக் குத்தி உமிழ்நீரைச் செலுத்தும். அவ்வுமிழ்நீரின் வயப்பட்ட கலங்கள் பன்மடங்கு பருத்து, புழுவுக்கு உணவூட்டும் செவிலித்தாயர் ஆகிவிடுகின்றன. அதன்பின் பெண்புழு அசைவதில்லை. அங்கேயே பருத்துப் பேரிக்காய் வடிவு கொள்ளும். பசைபோன்ற ஒரு பையில் முந்நூறு முதல் ஐந்நூறு வரை, சில வேளை அதற்கு மேலும், முட்டைகளை இடும். நமது நாட்டு வெப்பத்தில் முட்டையிலிருந்து முட்டைவரை ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு மாதமே செல்லும். இவ்வினங்களுட் பெரும்பாலானவற்றில் இனம்பெருகுதற்கு ஆண் தேவைப்படுவதும் இல்லை. எங்கள் பாத்தியில் இரண்டு மாதம் நின்ற கௌபி, புழுவுக்கு இரண்டு தலைமுறைக்கான அன்னசத்திரமாய் இருந்தது. அவ்வேரை வெட்டி மண்ணோடு கலக்கச் செய்த யான், முட்டைப்பைகளை என் கையாலேயே விதைப்பித்தேன்.

இவ்வினத்தை அறிஞர் மெலொயிடோகைனி என்பர். இங்கிலாந்தில் 1855ஆம் ஆண்டு பேர்க்லி என்னும் பாதிரியார் கண்ணாடிவீட்டு வெள்ளரி வேர்களில் இம்முடிச்சுகளைக் கண்டு எழுதினார். நமக்கு அயலான நீலகிரியைச் சார்ந்த தேவாலாத் தோட்டத்துத் தேயிலைவேரில் இதனைக் கண்டு 1901இல் அறிவித்தவர் பார்பர். இந்திய நாட்டிற் பயிர்ப்புழு ஆராய்ச்சியின் தொடக்கமாக அவ்வறிக்கையையே கொள்வர்.

தேயிலை என்றதும் நமது மலைநாட்டை நினையாதிருக்க இயலாது. அவரையினப் பயிரும் புழுவும் நடவுமுறையும் ஒன்றோடொன்று பிணைந்து கிடந்த வரலாற்றுக்கு இலங்கையில் அதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. தேயிலைத் தோட்டக்காரர் தொடக்கம் முதலே அவரையின மரங்களையும் செடிகளையும் தேயிலைக்கிடையே நட்டனர். "டடப்" என்று அவர்கள் அழைத்த முருக்கு நிழலுக்கு. தெப்ரோசியா, கிலுகிலுப்பை முதலியன பசுந்தாட் பசளைக்கு. அவற்றின் தழையை வெட்டி நிலத்திற் பரப்புவர். கொழுந்து பறிக்கும் குடும்பங்கள் லயத்தின் பின்புறம் வளர்த்த மாட்டுக்கும் ஆட்டுக்கும் அதில் ஒரு பங்கு சேரும். நிழல், பசளை, தீவனம் ஆகிய மூன்றையும் ஒரு மரம் தரும்போது அதனிற் குற்றம் காண எவருக்கு மனம் வரும்? ஆயினும் முருக்கின் வேரும், வோகெலி என்னும் தெப்ரோசியா இனத்தின் வேரும் முடிச்சுப் புழுவுக்கு ஏற்ற உறைவிடங்கள். மேலே நிழலும் கீழே நோயுமாக நின்றன அச்செடிகள்.

1925இல் நிறுவப்பட்டுத் தலவாக்கலை சென்கூம்சில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் இப்புழுக்களை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளனர். அங்குப் பணியாற்றிய லூஸ் என்பார் முதிர்ந்த தேயிலையின் வேரிற் காணப்படும் முடிச்சுப் புழு ஒன்றை 1953இல் விவரித்தார். மலைநாட்டுத் தேயிலைக்குப் பெரும்பகையோ முடிச்சுப் புழுவன்று. வேரை உள்ளிருந்து அரித்துக்கொண்டு இடம்விட்டு இடம் பெயரும் பிரத்திலெங்கசு என்னும் புழு. அது முடிச்சை உண்டாக்காது. வேரிற் கபிலநிறப் புண்களையே உண்டாக்கும். முன்பு கோப்பிப் புழுவோடு ஒன்றென எண்ணப்பட்ட அதனை 1960இல் ஒல்லாந்து அறிஞர் லோப் தனி இனமாகப் பிரித்து, லூஸின் நினைவாக "லூசி" என்று பெயரிட்டார். ஈழத்து மலைமண்ணில் உழைத்த ஒருவரின் பெயர் அவர் துரத்திய புழுவுக்கே இடப்பட்டது! புலவர்களுக்கு இத்தகைய பேறு கிடைப்பதில்லை. பின்னாளிற் சிவபாலன், ஞானப்பிரகாசம் முதலிய தமிழ் அறிஞர்களும் இத்துறையில் அந்நிலையத்தின் பெயரை உலகறியச் செய்தனர்.

பழைய தேயிலையைப் பிடுங்கிப் புதிய தேயிலை நடும்போது என் செய்வது என்பதே அவர்கள் முன் நின்ற கேள்வி. பிடுங்கிய நிலத்தில் உடனே நட்டால், பழைய வேர்களில் எஞ்சிய புழு இளங்கன்றைத் தின்றுவிடும். அவரையினப் பசுந்தாட் பயிரை இடையில் இட்டால் மண் வளம்பெறும். ஆயின் புழுவும் பெருகக்கூடும். ஆதலின் அவர்கள் புல்லின்பால் திரும்பினர். குவாத்தமாலாப் புல்லையும் மானாப் புல்லையும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் நிலத்தில் நிறுத்தி, வெட்டி வெட்டி அங்கேயே பரப்பி, அதன்பின் தேயிலை நடுவது வழக்கமாயிற்று. குவாத்தமாலாப் புல் மாட்டுக்கும் நல்ல தீவனம். இரண்டு ஆண்டுகள் வருவாயின்றி ஒரு நிலத்தை விட்டுவைத்தல் தோட்டக்காரருக்கு எளிதன்று, எனினும் விட்டுவைத்தனர். அவசரப்பட்டவர் பின்னர் வருந்தினர் என்று மலைநாட்டிற் கூறக் கேட்டிருக்கின்றேன்.

விசரும் வைத்திலிங்கமும் 1959இல் அந்நிலையத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கோவில் மாலைகளில் நாம் காணும் துலுக்கச் செவ்வந்தியும் வேறு சில பயிர்களும் தேயிலைமண்ணிலுள்ள புழுக்களை எவ்வாறு பாதிக்கின்றன என்பதே அதன் பொருள். ஒல்லாந்தில் ஊஸ்ரன்பிறிங்க் என்பாரும் அக்காலத்திலேயே இச்செடியின் ஆற்றலைக் கண்டறிந்தார். அச்செடியின் உயிருள்ள வேரிலிருக்கும் ஒரு பொருள் புழுவைக் கொல்லும் என்பது 1958இல் வெளிவந்தது. செட்டியார் தெருக் கோவில்களின் வாயிலிற் குவியலாய்க் கிடக்கும் அப்பூவை அள்ளிவந்து பாத்தியிற் போட்டாற் போதுமா என்று ஒரு மாணவன் என்னைக் கேட்டான். போதாது. ஆற்றல் பூவில் இல்லை. வளர்கின்ற வேரில் உள்ளது. வரப்போரத்தில் அழகுக்கு நாலு செடி நடுவதாலும் பயன் மிகக் குறைவு. பாத்தி முழுவதும் நெருக்கமாக நட்டு, இரண்டு மூன்று மாதமேனும் நிறுத்தவேண்டும். புழுவினங்கள் யாவும் அதற்கு அடங்குவதும் இல்லை.

இனித் தீவனப் பயறுகளுக்கு வருவோம். கால்நடைக்கெனப் பயிரிடும் அவரையினங்களை ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் கூடாது. புழுவை ஏற்பன உண்டு, எதிர்ப்பன உண்டு, ஏற்பதுபோல் நடித்துச் சிறையிடுவனவும் உண்டு. கௌபி பொதுவாக முடிச்சுப் புழுவுக்கு விருந்து. ஆயினும் அமெரிக்காவின் தென்பகுதியில் "அயன்" என்னும் கௌபி வகை இப்புழுவை எதிர்த்து நிற்பதை 1902இலேயே கண்டனர். அந்த எதிர்ப்பைக் கொண்டு பல வகைகள் உருவாக்கப்பட்டன. எதிர்ப்புடைய ஒரே வகையைத் திரும்பத் திரும்ப விதைத்த இடங்களில், அவ்வெதிர்ப்பையும் வெல்லும் புழுக்கள் தலையெடுத்தன என்பதையும் உடன் சொல்லவேண்டும். அவுஸ்திரேலியாவில் 1960இல் வெளியிடப்பட்ட சிராற்றோ என்னும் மேய்ச்சற் பயறு முடிச்சுப் புழுவைத் தாங்குவது. அகத்தியின் உறவான செஸ்பான் என்னும் சித்தகத்தியோ, ஆடுமாடு விரும்பும் தழையைத் தந்துகொண்டே புழுவையும் வளர்க்கும்.

சிறையிடும் செடி கிலுகிலுப்பை இனம். காய்ந்த நெற்றைக் குலுக்கினால் உள்ளேயுள்ள விதை ஒலிப்பதால் நம் முன்னோர் அதற்கு இப்பெயர் இட்டனர். கிரேக்க மொழியில் தாளக்கட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே அதன் விஞ்ஞானப் பெயராகிய குரோத்தலாரியாவும் பிறந்தது. ஒருவரையொருவர் அறியாத இரு மொழியார் ஒரே ஒலியைக் கேட்டு ஒரே வகையாகப் பெயரிட்டமை எனக்குப் பேரின்பம் அளித்தது. பொருளை விட்டு விலகியதற்குப் பொறுத்தருள்க. இவ்வினத்தின் வேரில் முடிச்சுப் புழுவின் குஞ்சு நுழையும். ஆனால் உள்ளே உணவூட்டும் கலங்கள் சரிவர அமையாமையால் பெரும்பாலும் வளர்ந்து முட்டையிடாமலே மாண்டுபோகும். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நெல் அறுவடையின் பின் வயலெங்கும் மஞ்சட் பூவாய் நிற்கும் சணல் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நம்மவர் அதனை மாட்டுக்கு அறுத்தும் போடுவர். உழுது மண்ணிலும் புதைப்பர். ஓர் எச்சரிக்கை: கிலுகிலுப்பை இனங்கள் பலவற்றில் நஞ்சு உண்டு. சணலையும் இளந்தழையாக, வேறு தீவனத்தோடு கலந்து கொடுப்பதே நன்று. விதையைக் கொடுத்தல் ஆகாது.

இவ்வளவும் அறிந்த பின், எப்பயிரை எவ்வாறு அடுக்குவது என்பதே எஞ்சிய கேள்வி. ஒரே அவரையினத்தை நிலம் முழுவதும் ஆண்டுதோறும் விதைத்தல் புழுவுக்கு மானியம் எழுதிக்கொடுத்தலை ஒக்கும். புழு தானாக நகரும் தொலைவு ஆண்டுக்கு ஒரு மீற்றர் அளவே. உணவை அருகிலேயே வைத்தால் அது நகரவேண்டியதும் இல்லை. கலப்புப் பயிராக, ஒரு வரிசை பயறும் ஒரு வரிசை புல்லுமாக நட்டாலோ குஞ்சு எதிர்ப்படும் வேர்களிற் பாதி அதற்கு உதவாதவை, பெருக்கம் தளரும். ஆனால் தளருமேயன்றி அழியாது. ஏற்கும் பயிர் ஒரு வரிசையேனும் நிற்கும்வரை புழுவின் குடி அறாது. கலப்பிற் சேர்த்த இரு பயிர்களும் அதற்கு உணவாயின் பயனேயில்லை. கத்தரிக்கிடையிற் கௌபி நடுவது அவ்வகையினது.

மேற்குக் கென்யாவில் 1990களின் இறுதியில் நடந்த ஆய்வுகள் இதனைத் தெளிவாகக் காட்டின. நலிந்த நிலத்தை வளப்படுத்தச் சித்தகத்தியைத் தனியாக நட்டு, அதன்பின் போஞ்சி விதைத்த இடங்களில் முடிச்சுப் புழுவின் சேதம் மிகுந்தது. கிலுகிலுப்பை இனத்தை நட்ட இடங்களில் அப்புழு குறைந்தது. ஆகா, விடை கிடைத்துவிட்டது என்று எண்ணவேண்டாம். அங்கே பிரத்திலெங்கசு என்னும் புண்புழு பெருகிற்று. அது சோளத்தின் பகை. ஒரு கதவை அடைத்தவர் மற்றொன்றைத் திறந்துவிட்டனர். ஆதலின் "புழுவுக்கு எது நல்ல மாற்றுப்பயிர்?" என்று பொதுவாகக் கேட்பது பொருளற்ற வினா. எந்தப் புழு, அடுத்து எந்தப் பயிர் என்ற இரண்டையும் சொன்னாலன்றி எவராலும் விடை கூற முடியாது.

கலப்பு நடவுக்கு மற்றொரு குறையும் உண்டு. அது நோயை மறைக்கும். கொலம்பியாவில் மேய்ச்சல் நிலங்களுக்கென ஆராயப்பட்ட ஒவாலிபோலியம் என்னும் தெசுமோடியம் பயறின் தண்டை வீங்கச்செய்யும் ஒரு புதிய நூற்புழுவை 1984இல் அறிஞர் விவரித்தனர். புல்லும் பயறும் பின்னிக் கிடக்கும் நிலத்திற் பயறு மெல்ல மெல்ல மறைந்தாலும் தரை பசுமையாகவே இருக்கும். மாட்டின் பால் குறையும்போதுதான் உடையவன் குனிந்து பார்ப்பான். தனிப்பயிரில் வாடிய திட்டு சாலையிற் செல்வோர்க்கும் தெரியும்.

பயிர்ச்சுழற்சியே இவற்றுள் வலியது என்பது என் துணிபு. என் தந்தையார் வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலை நட்ட துண்டில் மறுபோகம் குரக்கன் விதைப்பார். "ஒரே பயிரை வைச்சால் நிலம் சலிச்சுப் போகும்" என்பார். சலிப்பு நிலத்துக்கன்று என்பதையும், நிலத்துள் வாழும் ஒன்றுக்குச் சலிப்பில்லாத விருந்து கிடைத்துவிடும் என்பதையும் அவர் அறியார். ஆனால் செய்ததில் ஒரு பகுதி சரியே. ஒரு பகுதி என்றதற்குக் காரணம், களையைக் கவனியாத சுழற்சி பாதிச் சுழற்சி. பாத்தியிற் பயிர் மாறினாலும் வரம்பிலுள்ள களையின் வேரில் அப்புழுவே காத்திருக்கும். ஈராயிரத்துக்கு மேற்பட்ட செடியினங்களில் அது வாழவல்லது.

நஞ்சூட்டிக் கொல்லும் வழிகளும் இருந்தன. மெதயில் புரோமைட்டு முதலியவற்றை மண்ணுட் செலுத்தித் தேயிலை நாற்றுமண்ணைத் தூய்மைசெய்த காலம் ஒன்றிருந்தது. வானத்து ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மொன்றியல் உடன்படிக்கையின்படி அதன் பயன்பாடு வளரும் நாடுகளில் 2015ஆம் ஆண்டுடன் பெரிதும் நிறுத்தப்பட்டது. பாடசாலைக்கும் வீட்டுக்கும் அவை ஒருபோதும் ஏற்றவையல்ல.

மாணாக்கர் செய்யக்கூடியவை இரண்டு. மண் வந்தவுடன் அதில் நாலைந்து தக்காளி விதைகளை ஊன்றி, ஆறு வாரம் வளர்த்து, மெல்லப் பிடுங்கி வேரை அலசிப் பார்த்தல் முதலாவது. செலவில்லாத சோதனை இது. மற்றையது நுணுக்குக்காட்டி உள்ள பாடசாலைக்கு உரியது: ஒரு புனலின் அடியில் இறப்பர்க் குழாயை மாட்டிக் கவ்வியால் இறுக்கி, நீர் நிரப்பி, துணியிற் கட்டிய மண்ணை நீரின் மேற்பரப்பிற் படும்படி வைத்தால், ஓரிரவிற் புழுக்கள் நீரில் இறங்கிக் குழாயின் அடியில் வந்து சேரும். யாவாத் தீவில் பேர்மன் என்னும் மருத்துவர் 1917இல் கொளுக்கிப் புழுவைத் தேடுதற்கு அமைத்த முறை இது. எமது மண்ணிலிருந்து அவ்வாறு இறங்கிய முதற் துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபோது, பாம்புக்குட்டிகள் போல் நெளிந்தவற்றை எண்ண முயன்ற மாணவன் இருபதோடு கைவிட்டான்.

பாடசாலை மண்ணை நாங்கள் நனைத்து, மெல்லிய நிறமற்ற பொலித்தீனால் இறுக மூடி, கொழும்பு வெயிலில் ஆறு வாரம் கிடத்தினோம். மேல்மண் சூடேறி மேலேயுள்ள புழு மடியும், ஆழத்திலுள்ளது தப்பும். அதன்பின் ஆண்டு முழுவதும் சணலும் துலுக்கச் செவ்வந்தியும் மாறி மாறி நின்றன.

பைகளின் கதை இன்னும் உண்டு. நாற்பதில் இருபத்தாறு திரும்பி வந்தன. மாடிவீடுகளின் சீமெந்துத் தரையில் இருந்தவை பதின்மூன்று. அவற்றின் மண்ணைத் தகரத்திற் கொட்டிக் கொதிநீர் ஊற்றச் சொன்னேன். எஞ்சிய ஒன்று விடுமுறையில் ஒரு மாணவனோடு யாழ்ப்பாணம் சென்று, அவன் பாட்டியாரின் கிணற்றடித் தோட்டத்தில், வாய்க்காலின் தலைப்பில் நடப்பட்டிருந்தது. நீர் ஓடும் வழியின் தலைப்பு! தொலைபேசியில் யான் செய்தியைச் சொன்னபோது அவ்வம்மையார் சினக்கவில்லை. "மாஸ்ரர் தந்த மண் எண்டு பேரன் மடியிலை வைச்சுக் கொண்டு வந்தவன். அதுக்குள்ளை புழு கிடக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார். அச்சொல் என்னைச் சுட்டதுபோல் எந்த வசையும் சுட்டிருக்காது.

அடுத்த விடுமுறையில் யானே சென்றேன். வாய்க்காலின் தலைப்பில் இரண்டடி ஆழம் தோண்டி மண்ணை எடுத்து வெயிலிற் பரப்பினோம். வேரோடு எடுத்த தக்காளிக் கன்றை எரித்தோம். மண்வெட்டியை அங்கேயே கழுவினோம். அந்த வரிசையிற் கத்தரி, மிளகாய், பயற்றை ஒன்றும் வையாது, பசுவுக்கெனச் சணல் விதைக்க அம்மையார் இசைந்தார். இரண்டு போகம் சென்றபின் சோதனைக்கு ஆறு தக்காளிக் கன்றுகளை அங்கு நட்டோம். ஐந்தின் வேர் வெண்மையாய் இருந்தது. வாய்க்காலுக்கு அண்மையில் நின்ற ஆறாவதில் இரு சிறு முடிச்சுகள். மூன்றாம் முறையும் அவ்விடத்திற் சணலே விதைக்கப்பட்டுள்ளது.